ஸ்டீரொய்ட் கிறீம் பூசாமல் இலேசான எக்ஸிமாவைத் தணிக்க முடியுமா? மலைநாட்டுக் குளிரில் என்ன செய்கிறீர்கள்?

கந்தப்பளை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு நாலு வயது. இரண்டு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் சிவந்து சொரசொரப்பாகிவிட்டது. இரவில் தூக்கத்திலேயே சொறிகிறாள். வைத்தியர் பார்த்துவிட்டு, எக்ஸிமா என்கிற கரப்பான்தான், இலேசானது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஹைட்ரோகோர்ட்டிசோன் 1 சதவீதம் என்கிற ஸ்டீரொய்ட் கிறீம் எழுதித் தந்திருக்கிறார். மாமிக்கு அதில் விருப்பமில்லை. கரப்பானை மருந்து போட்டு உள்ளே அமுக்கினால் அது இழுப்பாக (ஆஸ்துமாவாக) மாறிவிடும் என்கிறார். எனக்கும் ஸ்டீரொய்ட் என்றாலே பயம். வீட்டிலேயே செய்யக்கூடியதைச் செய்து இதை அடக்க முடியுமா? ஜனவரி பிறந்ததிலிருந்து இங்கே விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. அந்தக் குளிர் வந்த பிறகுதான் கூடியது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மஸ்கெலியா மழை:

அக்கா, எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்தான். தம்பிக்குச் சின்னதில் இதே மாதிரி மடிப்புகளில் வந்தது. குளிப்பாட்டிய கையோடு, உடம்பு காயுமுன் அம்மா எண்ணெய் தேய்த்துவிடுவார். வாசனை போட்டு விற்கிற தலை எண்ணெய் இல்லை, சுத்தமான தேங்காய் எண்ணெய். இப்போது அவன் வளர்ந்துவிட்டான், தோலில் ஒன்றுமில்லை. ஸ்டீரொய்ட் பக்கமே போகாதீர்கள்.

தாதி அக்கா (பதுளை):

தங்கச்சி, நான் தோல் கிளினிக்கில் வேலை செய்த தாதி. நேரடியாகச் சொல்கிறேன், முடியும். இலேசான எக்ஸிமா உள்ள நிறையப் பிள்ளைகளுக்கு வெறும் பராமரிப்பிலேயே அடங்கியிருக்கும். ஆனால் அந்தப் பராமரிப்பை ஒருநாளும் விடாமல் செய்ய வேண்டும், தோல் நன்றாக இருக்கிற நாளிலும்.

இது என்ன வியாதி என்று விளங்கினால் மீதியெல்லாம் தானாக விளங்கும். லயத்துச் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுச்) சுவரில் கல்லுக்கு இடையில் இருக்கிற சாந்து உதிர்ந்தால் குளிர்காற்று உள்ளே வரும் அல்லவா, இந்தப் பிள்ளைகளின் தோலும் அப்படித்தான். மேல்தோல் செல்களுக்கு இடையில் இருக்க வேண்டிய கொழுப்பு குறைவு. ஃபிலாக்ரின் என்ற புரதம் சரியாக உருவாகாத மரபணு மாற்றமும் இதற்கு ஒரு முக்கிய காரணம் என்று 2006ல் கண்டுபிடித்தார்கள். தோலின் ஈரம் வெளியே போய்விடுகிறது. சவர்க்காரம், தூசி, கிருமி எல்லாம் உள்ளே போகின்றன. அரிக்கிறது, சொறிகிறாள், தோல் இன்னும் கிழிகிறது, மறுபடியும் அரிக்கிறது. நாம் செய்ய வேண்டியது, போகிற ஈரத்தைப் பிடித்து வைப்பதும் சொறிவதைக் குறைப்பதும்தான்.

முதலில் குளியலைத் திருத்துங்கள். குளிர் என்பதால் அடுப்பில் ஆவி பறக்கச் சுடவைத்து ஊற்றுகிறோம். உடம்புக்கு அது இதமாக இருக்கும். தோலில் மிச்சமிருக்கிற எண்ணெய்ப் பசையையும் அதுதான் கழுவிக்கொண்டு போகிறது. உங்கள் முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள், சூடும் உறைக்கக்கூடாது, குளிரும் உறைக்கக்கூடாது. அந்தப் பதத்தில் 5 முதல் 10 நிமிடம் போதும். மருந்து வாடை அடிக்கிற சிவப்புச் சவர்க்காரம், வேம்புச் சவர்க்காரம், சந்தனச் சவர்க்காரம் எல்லாம் ஒன்றுதான். தோலின் பீஎச் அளவு (புளிப்பா காரமா என்று காட்டுகிற எண்) ஏறக்குறைய 5, சாதாரணச் சவர்க்கார நுரையின் அளவு 9, 10. அந்தக் காரம் தோலைக் காயவைக்கும். சவர்க்காரத்தை அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடத்துக்கு இமல்சிஃபையிங் ஒயின்ட்மென்ட் என்று பாமசியில் கேட்டு வாங்கி, ஒரு கரண்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கழுவிவிடலாம். அழுக்கும் போகும், தோலும் காயாது.

துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் இலேசாக ஈரமாக இருக்கும்போதே, 3 நிமிடத்துக்குள், வாஸ்லின் மாதிரி ஈரம் காக்கிற களிம்பைப் பூசுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே பூசினால் பிள்ளை நடுங்காது. முடி படிகிற திசையிலேயே தடவுங்கள், அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்களில் கொப்பளம் வரும். குளிக்காத நாளிலும் காலை, மாலை இரண்டு வேளை.

இனி மாமி சொன்னதற்கு வருகிறேன். எக்ஸிமா உள்ள சில பிள்ளைகளுக்குப் பிறகு இழுப்பும் தும்மலும் வருவது உண்மை. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால் தோலை மருந்தால் ஆற்றியதால் அது வருவதில்லை. ஒவ்வாமைத் தன்மையோடு பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் தோலிலும் அப்புறம் மூச்சிலும் தலைகாட்டுகிறது, அவ்வளவுதான். அரிப்போடு பிள்ளையைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதால் இழுப்பு தடைபடப் போவதில்லை. அதை மாமிக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மஸ்கெலியா மழை:

தாதி அக்கா, அப்படியென்றால் தேங்காய் எண்ணெய் சரியில்லையா?

தாதி அக்கா (பதுளை):

சரிதான் தம்பி. 2014ல் பிலிப்பைன்ஸில் இலேசான, நடுத்தர எக்ஸிமா உள்ள 117 பிள்ளைகளுக்கு 8 வாரம் பூசிப் பார்த்ததில், சூடாக்காமல் எடுத்த வேர்ஜின் தேங்காய் எண்ணெய் மினரல் எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. உங்கள் அம்மா ஈரத்தோடு பூசினார் பாருங்கள், அதுவும் சேர்ந்துதான் பலன் தந்திருக்கும். நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே குறைவதும் உண்டு. ஆனால் கந்தப்பளைக் குளிருக்கு எண்ணெய் மட்டும் நிற்காது. போத்தலிலேயே உறைந்துபோகும். அங்கே வாஸ்லின் மாதிரித் தடிப்பானது வேண்டும். ஒலிவ் எண்ணெய் மட்டும் வேண்டாம். அது மேல்தோலின் காப்பைக் கெடுக்கிறது என்று 2013ல் இங்கிலாந்தில் செய்த பரிசோதனையில் கண்டார்கள். விலை கூடிய எண்ணெய் என்பதால் நல்லது என்று நினைத்துப் பூசுகிறவர்களைக் கண்டால் மனம் கஷ்டப்படும்.

ஊவாக்காரி:

எங்கள் பக்கம் கதை வேறு. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் தோல் வெடிக்கிறது. பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் எங்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் கஷ்டம். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வறண்ட காற்றாக எங்கள் பக்கம் இறங்குகிறது. கச்சான் என்பது அதுதான். உதடு வெடிக்கும், பிள்ளைகளின் கன்னம் செதில் செதிலாகும். அதே மாதங்களில் ஹட்டன், மஸ்கெலியாவில் வெயிலையே காண முடியாது, உடுப்புக் காயாது, கம்பளியில் பூஞ்சணம் பிடிக்கும். அங்கே ஈரத் துணி உரசியும், ஈரப்பதத்தில் பெருகுகிற படுக்கைத் தூசிப் பூச்சியாலும் அரிப்பு கூடும்.

அதனால்தான் ஹட்டன்காரருக்குச் சரிப்பட்ட வைத்தியம் எங்களுக்குச் சரிப்படுவதில்லை. நான் கச்சான் தொடங்குமுன்பே தடிப்பான களிம்புக்கு மாறிவிடுவேன். மழைப்பக்கத்தில் இருக்கிறவர்கள், வெயில் முகம் காட்டுகிற அன்றைக்கே போர்வை, தலையணை எல்லாவற்றையும் வெளியே போட்டுக் காயவைத்து உதறுங்கள். கம்பளி தோலில் படாமல், உள்ளே ஒரு பழைய பருத்திச் சேலையை விரித்துப் போர்த்திவிடுங்கள். பாடசாலை ஸ்வெட்டருக்குள்ளும் பருத்திச் சட்டை ஒன்று இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புப் பாறைக்குள் இருந்து வருகிற கிணற்றுத் தண்ணீர் வன்னீர். சவர்க்காரம் நுரைக்காது, தோலில் பசையாகப் படியும். நம் மலை ஊற்றுப் பீலித் தண்ணீர் மென்னீர். கொஞ்சச் சவர்க்காரத்திலேயே நுரை வரும். அதனால் உடுப்புத் தோய்க்கிற பவுடரையும் குறைத்துப் போடுங்கள், நன்றாக இரண்டு முறை அலசுங்கள்.

பாமசி மேசை (தலவாக்கலை):

அளவைப் பற்றி யாரும் கதைக்கவில்லையே. பாமசியில் நிற்கிற எனக்குத் தெரிந்த பெரிய சிக்கல் இதுதான். 50 கிராம் டப்பா ஒன்றை வாங்கிப்போய் இரண்டு மாதம் வைத்திருக்கிறார்கள். பிறகு வந்து, பலனில்லை அண்ணே என்கிறார்கள். உடம்பு முழுக்கப் பூச வேண்டிய சிறுபிள்ளைக்கு வாரத்துக்கு 250 கிராம் போகும். பெரியவருக்கு 500 கிராம் வரை போகும். மடிப்புகளில் மட்டும் உள்ள பிள்ளைக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனாலும் பூசிய தோல் மினுங்க வேண்டும்.

எது நல்லது என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தில் 550 பிள்ளைகளை வைத்து லோஷன், கிறீம், ஜெல், ஒயின்ட்மென்ட் நான்கையும் ஒப்பிட்டு 2022ல் முடிவு வெளியிட்டார்கள். ஒன்றைவிட மற்றது மேல் என்று சொல்ல முடியவில்லை. பிள்ளை அழாமல் பூசவிடுகிற ஒன்றை, கைக்கு எட்டுகிற விலையில், தாராளமாகப் பூசுங்கள். வாசனை சேர்த்த பேபி லோஷனை விடுங்கள். சாதாரண வெள்ளை வாஸ்லினில் வாசனையும் இல்லை, கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற மருந்தும் இல்லை, தோலை எரிக்காது. அக்வியஸ் கிறீம் கிடைத்தால் கழுவுவதற்கு வைத்துக்கொள்ளலாம். பூசி அப்படியே விட வேண்டாம். அதில் சோடியம் லோரில் சல்பேட் என்ற நுரைப்பொருள் இருக்கிறது, சில பிள்ளைகளுக்கு எரிச்சலூட்டும் என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013லேயே எச்சரித்தது. குளிக்கிற தண்ணீரில் ஊற்றுகிற விலை உயர்ந்த எண்ணெய்க்கும் காசு செலவழிக்காதீர்கள். 2018ல் வந்த பெரிய ஆய்வில் அதனால் மேலதிகப் பலன் எதுவும் தெரியவில்லை.

டப்பாவுக்குள் விரலை விடாதீர்கள். சுத்தமான கரண்டியால் எடுத்துப் பூசுங்கள்.

லயத்துப் பொடியன்:

நான் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என் அக்காவுக்குக் கழுத்தில் இதே வியாதி. ஒரு கடையில் பெயரும் லேபலும் இல்லாத சின்ன டப்பாவில் மூலிகைக் களிம்பு என்று விற்றார்கள். பூசியதும் மாயம் மாதிரி மறைந்தது. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாக வந்தது. மறுபடி பூசினாள். கடைசியில் தோல் மெலிந்து சிவப்பு நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது. கிளினிக் வைத்தியர், இதில் கடுமையான ஸ்டீரொய்ட் கலந்திருக்க வேண்டும் என்றார். ஸ்டீரொய்ட் வேண்டாம் என்று ஓடுகிறவர்கள்தான் இந்த டப்பாவில் போய் விழுகிறார்கள். கோபமாக வருகிறது.

தாதி அக்கா (பதுளை):

தம்பி சொன்னதை எல்லாரும் இரண்டு தரம் வாசியுங்கள். ஸ்டீரொய்ட் எல்லாம் ஒன்றல்ல. ஹைட்ரோகோர்ட்டிசோன் 1 சதவீதம் மிக மென்மையான வகை. குளோபெட்டசோல் மிகக் கடுமையானது, அது வைத்தியர் சொல்லாமல் பிள்ளையின் தோலில் படவே கூடாது. மென்மையானதை வைத்தியர் சொன்ன இடத்தில், சொன்ன நாட்களுக்கு மட்டும் பூசினால் தோல் மெலியாது. கந்தப்பளைத் தங்கச்சி, உங்கள் கையில் இருக்கிற டியூபில் என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம், எப்போது காலாவதி எல்லாம் அச்சடித்திருக்கும். முதலில் பராமரிப்பை ஒழுங்காகச் செய்து பாருங்கள். கிறீமைத் தள்ளிவைத்ததை அடுத்த முறை போகும்போது வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பராமரிப்பு செய்தும் சிவந்து தடித்து, பிள்ளை தூக்கம் கெட்டால், அந்த நாட்களில் அந்த டியூபைத் தயங்காமல் பூசுங்கள். கிறீமுக்கும் வாஸ்லினுக்கும் இடையில் அரைமணி நேரம் விடுங்கள்.

ஸ்டீரொய்ட் இல்லாத மருந்தும் இருக்கிறது. டக்ரோலிமஸ் 0.03 சதவீதம், 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. தோல் வைத்தியர் எழுதித்தான் வாங்க வேண்டும். முதல் சில நாட்கள் எரியும். முகம், கண்ணிமை மாதிரி மெல்லிய இடங்களுக்கு அது உதவி. கண்டி, நுவரெலியா, பதுளை அரச வைத்தியசாலைகளில் தோல் கிளினிக் இருக்கிறது. காசு கட்டத் தேவையில்லை.

வெலிமடை மாமா:

பிள்ளைகளே, எங்கள் காலத்தில் கரப்பான் வந்தால் முதலில் வாயைக் கட்டுவோம். கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் நிறுத்திவிடுவோம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவோம். அதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

தாதி அக்கா (பதுளை):

மாமா, மரியாதையோடுதான் சொல்கிறேன். ஒரு உணவைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு உதடு வீங்கி, தடிப்புத் தடிப்பாக வந்தால் அதை நிறுத்தி வைத்தியரிடம் காட்ட வேண்டும். அப்படி ஒன்றும் இல்லாமல் இலேசான எக்ஸிமாவுக்கு முட்டை, பால், மீன் எல்லாவற்றையும் நிறுத்தினால் தோல் ஆறாது, பிள்ளைதான் மெலியும். தோட்டத்தில் எடை குறைந்த பிள்ளைகள் ஏற்கனவே எத்தனை பேர். கிளினிக் கார்டில் எடைக்கோடு கீழே இறங்குவதைப் பார்த்தவள் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மஞ்சள் பூசினால் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும், தோல் காயும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். தேசிக்காய்ச் சாறு, உப்பு, தைல வகை எதையும் வெடித்த தோலில் போடாதீர்கள். வேப்பெண்ணெயைச் சிறுபிள்ளைக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது, அது உயிருக்கே ஆபத்து. வீட்டுப் பொருள்தான் வேண்டும் என்றால் வெறும் ஓட்ஸைத் தூளாக அரைத்து, மெல்லிய துணியில் முடிந்து, குளிக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்துவிடுங்கள். அரிப்பு தணியும். ஊற்றிக் குளிக்கிற வீட்டில் அந்தத் தண்ணீரைத் துணியில் நனைத்து மடிப்புகளில் ஒற்றினாலும் போதும்.

இன்னொன்று. இரவில் வீட்டில் எல்லாருக்கும் அரிக்கிறதா, விரல் இடுக்கில் பொடிப்பொடியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது சொறிசிரங்கு, எக்ஸிமா அல்ல. ஒரே காம்பராவில் (அறையில்) சேர்ந்து படுக்கிற குடும்பங்களில் வேகமாகப் பரவும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். வட்டமாக, ஓரம் மட்டும் தடித்துப் பரவினால் படர்தாமரை. அதற்கு ஸ்டீரொய்ட் பூசினால் இன்னும் பரவும்.

மஞ்சள் நிறப் பொருக்கு, சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். ஒரே இடத்தில் குழிகுழியாகக் கொப்பளங்கள் சேர்ந்து வந்து வலித்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அது எக்ஸிமாவின் மேல் ஹெர்பீஸ் கிருமி தொற்றியதாக இருக்கலாம்.

கந்தப்பளை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. தண்ணீரின் சூட்டைக் குறைத்துவிட்டேன். மாமியே இப்போது வாஸ்லின் டப்பாவை எடுத்து வைக்கிறார். இரவில் சொறிவதற்கு என்ன செய்யலாம்?

இராகலை டீச்சர்:

நகத்தை ஒட்ட வெட்டி ஓரத்தைத் தேய்த்துவிடுங்கள். பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிவிடலாம். சொறியாதே என்று அதட்டினால் பிள்ளை ஒளித்துச் சொறியும். அந்த இடத்தைத் தட்டிக்கொடுக்க, உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கப் பழக்குங்கள். வாஸ்லினைக் காம்பராவின் குளிர்ந்த மூலையில் வைத்து எடுத்துப் பூசினால் அரிப்பு சீக்கிரம் அடங்கும். அப்புறம், முன்பள்ளி ஆசிரியைக்குச் சொல்லி வையுங்கள். இது தொற்றாது. தொற்றும் என்று நினைத்துப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைப்பதை நான் பார்த்திருக்கிறேன், அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாது.

கொழுந்துக்காரி:

நான் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். எனக்குப் பிள்ளை வயதில் இது இருந்ததாக அம்மா சொல்வார். இப்போது விரல்கள் வெடித்து இரத்தம் வருகிறது. காலையில் பனி ஈரத்தோடு கொழுந்தைத் தொட்டால் உயிர் போகும். இதுவும் அதேதானா?

தாதி அக்கா (பதுளை):

இருக்கலாம் தங்கச்சி. சிறுவயதில் எக்ஸிமா இருந்தவர்களுக்கு, நாள் முழுக்கக் கை நனைகிற வேலை செய்தால் கையில் திரும்பி வருவது வழக்கம். ஆனால் பசளை, களைநாசினி, ரப்பர் கையுறை ஏதாவது ஒன்றுக்கு ஒவ்வாமையாகவும் இருக்கலாம். அதை முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகள் வைத்துப் பரிசோதித்துத்தான் கண்டுபிடிப்பார்கள். தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, தோல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள்.

அதுவரை காலை ஆள்கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தரம், கொழுந்து நிறுத்துக் கை கழுவியதும் ஒரு தரம், படுக்குமுன் தடிப்பாக ஒரு தரம் வாஸ்லின் பூசுங்கள். கறையைப் போக்க மணலோ உடுப்புச் சவர்க்காரமோ போட்டுத் தேய்க்காதீர்கள். இரவில் பூசியதும் பருத்திக் கையுறை போட்டுப் படுங்கள். மருந்து அடிக்கிற நாளில் கையுறை கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

கொழுந்துக்காரி:

சரி அக்கா. அந்தப் பருத்திக் கையுறையோடு காலையில் அடுப்பு மூட்டலாமா? குளிருக்கு அதைக் கழற்ற மனம் வராது.

தாதி அக்கா (பதுளை):

வேண்டவே வேண்டாம். வாஸ்லின் ஊறிய துணி தீப்பிடித்தால் வேகமாக எரியும். 2018ல் பிரித்தானியாவில் இதைப் பற்றித் தனியாக எச்சரிக்கையே வந்தது, வாஸ்லின் மட்டுமல்ல, எந்தக் களிம்பு ஊறினாலும் அப்படித்தான். தோய்த்தாலும் முழுக்கப் போகாது. கையுறையைக் கழற்றி வைத்து, கையைத் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போங்கள். பிள்ளைக்குப் பூசுகிற தாய்மாரும் அந்த உடுப்போடு பிள்ளையை அடுப்புக்குப் பக்கத்தில் குளிர்காய உட்கார வைக்காதீர்கள். பூசுகிற உடுப்பையும் படுக்கை விரிப்பையும் அடிக்கடி சுடுதண்ணீரில் தோயுங்கள்.